வெண்டரை இன்னொரு கம்பெனி வாங்கிவிட்டது: வெளியேறுவது என்று நீங்கள் எந்த நாளில் முடிவெடுத்தீர்கள்?

நடுநிசி_நிர்வாகி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். பதினெட்டு வருடமாக சர்வர்களைக் கட்டி மேய்க்கிறேன். ஒரு கேள்வி கொஞ்ச நாளாக மனதை அரித்துக்கொண்டிருக்கிறது. இங்கே கேட்டால் பலருடைய அனுபவம் கிடைக்கும் என்று எழுதுகிறேன்.

எங்கள் அலுவலகத்தில் ஒன்பது வருடம் ஓடிய ஒரு பேக்கப் மென்பொருள். பெயர் வேண்டாம். அதைத் தயாரித்த கம்பெனியை இன்னொரு பெரிய கம்பெனி வாங்கியது. இப்போது நாங்கள் அந்த மென்பொருளிலிருந்து முழுவதுமாக வெளியே வந்துவிட்டோம். ஏன் என்று யார் கேட்டாலும் எங்கள் மேலாளர் "விலையை ஏற்றிவிட்டார்கள்" என்பார். அது பொய்யில்லை, ரினீவல் கொட்டேஷன் மூன்று மடங்காக வந்தது. ஆனால் கொட்டேஷன் வருவதற்கு நான்கு மாதம் முன்பே நாங்கள் மனதளவில் கிளம்பிவிட்டோம்.

நடந்தது இதுதான். ஒரு செவ்வாய்க்கிழமை காலை டேட்டாபேஸ் பேக்கப் பாதியில் நின்றுபோனது. அதே பிழைச் செய்தி மூன்று வருடத்துக்கு முன்பும் வந்திருக்கிறது. அப்போது சப்போர்ட்டில் இருந்த ஒருவர் ஒரே ஒரு கான்ஃபிக் வரியை மாற்றச் சொல்லி சரிசெய்து கொடுத்தார். அந்த டிக்கெட்டை, அதாவது சப்போர்ட்டில் பதிவான பழைய புகாரை, தேடலாம் என்று போர்ட்டலுக்குப் போனால் அது புதிய கம்பெனியின் பக்கத்தில் போய் நின்றது. புதிய கணக்கு, புதிய வாடிக்கையாளர் எண். எல்லாம் கொடுத்து உள்ளே போனேன். "உங்களுக்கு டிக்கெட்டுகள் எதுவும் இல்லை" என்று ஒரு வரி. ஒன்பது வருடமாக ராத்திரி உட்கார்ந்து நாங்கள் எழுதிய பிழை விவரங்கள், அவர்கள் அனுப்பிய தீர்வுகள், ஒன்றுகூட வந்து சேரவில்லை. அக்கவுண்ட் மேனேஜருக்கு மெயில் போட்டேன். அப்படி ஒரு முகவரியே இல்லை என்று திரும்பி வந்தது.

பக்கத்து இருக்கையில் இருந்த சக ஊழியர் என் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "இனிமே இவங்களுக்கு நம்மளத் தெரியாது" என்றார். அன்று மதியமே மாற்று மென்பொருள்களின் பட்டியலை எழுத ஆரம்பித்தோம்.

விலைதான் விரட்டுகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அது முழு உண்மையாகத் தோன்றவில்லை. உங்களுக்கு அந்த நாள் எது?

---

கணக்குப்பிள்ளை

நான் நிதித்துறைக்காரன். கம்பெனிகளை வாங்கும், விற்கும் கணக்குகளை வருடக்கணக்கில் பார்த்தவன் என்பதால் மேசையின் அந்தப் பக்கம் என்ன யோசிக்கிறார்கள் என்று சொல்கிறேன்.

வளர்ந்து முடிந்த ஒரு மென்பொருள் கம்பெனியை வாங்குகிறவர் அதன் நிரலுக்காக மட்டும் பணம் கொடுப்பதில்லை. வருடா வருடம் தவறாமல் வரும் ரினீவல் வருமானத்துக்காகக் கொடுக்கிறார். அந்த வருமானம் ஏன் தவறாமல் வருகிறது? வாடிக்கையாளரால் சுலபமாக வெளியே போக முடியாது. ஆக, வெளியே போவதில் உங்களுக்கு உள்ள சிரமத்துக்குத்தான் அங்கே விலை போடுகிறார்கள். கேட்க வருத்தமாக இருக்கும், ஆனால் கணக்குத் தாளில் அப்படித்தான் இருக்கும்.

விஎம்வேரை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரே சர்வருக்குள் பல விர்ச்சுவல் மெஷின்களை (மென்பொருளால் ஆன கணினிகளை) ஓட்டும் மென்பொருளைத் தயாரிக்கும் கம்பெனி. 2022 மே மாதம் சிப், மென்பொருள் கம்பெனியான பிராட்காம் அதை வாங்கப்போவதாக அறிவித்தபோது சொன்ன விலை சுமார் 6,100 கோடி டாலர், அதற்கு மேல் 800 கோடி டாலர் கடனையும் ஏற்றுக்கொண்டது. மூன்று வருடத்துக்குள் வட்டி, வரி, தேய்மானம் கழிக்கும் முன் ஆண்டுக்கு சுமார் 850 கோடி டாலர் லாபம் இதிலிருந்து வரும் என்று அதே அறிவிப்பில் முதலீட்டாளர்களுக்குச் சொன்னார்கள். இவ்வளவு முதிர்ந்த சந்தையில் மூன்று வருடத்தில் புதிய வாடிக்கையாளர்கள் அந்த அளவுக்கு வந்து குவிய மாட்டார்கள். மிச்சம் இருப்பது இரண்டே வழி: செலவைக் குறைப்பது, இருக்கிறவர்களிடம் கூடுதலாக வாங்குவது. 2023 நவம்பர் 22 அன்று கையகப்படுத்தல் முடிந்தது. மூன்று வாரம்கூட ஆகவில்லை, டிசம்பர் 11 அன்று நிரந்தர உரிமங்களின் விற்பனையை நிறுத்தினார்கள். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கான ஆதரவுப் புதுப்பிப்பும் அதோடு நின்றது. இனி சந்தா மட்டும், அதுவும் சில பெரிய தொகுப்புகளாக மட்டும்.

இதில் தற்செயல் ஒன்றும் இல்லை. 2018இல் சிஏ டெக்னாலஜிஸ் 1,890 கோடி டாலருக்கு, 2019இல் சிமென்டெக்கின் நிறுவனப் பாதுகாப்புப் பிரிவு 1,070 கோடி டாலருக்கு. இரண்டையும் வாங்கியது பிராட்காம்தான், இரண்டிலும் கவனம் பெரிய வாடிக்கையாளர்கள் மேல்தான் இருந்தது. சின்ன வாடிக்கையாளர்களில் ஒரு பகுதி போய்விடுவார்கள் என்பதை முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டுத்தான் இப்படிப்பட்ட கணக்கைப் போடுவார்கள்.

பலனும் கிடைத்தது. 2024 நிதியாண்டில் பிராட்காமின் மென்பொருள் பிரிவு வருமானம் 2,150 கோடி டாலர். எனவே "வாடிக்கையாளரை விரட்டிவிட்டார்கள்" என்று நாம் சொல்வதை அவர்கள் தோல்வியாகப் பார்ப்பார்களா என்பதே சந்தேகம்.

---

நடுநிசி_நிர்வாகி

விரிவாக எழுதியதற்கு நன்றி அண்ணா. ஒன்றை மட்டும் மறுக்கிறேன். அந்த வருமானம் கையெழுத்துப் போட்டவர்கள் எத்தனை பேர் என்று காட்டுகிறது. எந்த மனநிலையில் போட்டார்கள் என்று காட்டாது.

ஆயிரம் சர்வர் வைத்திருக்கிறவர் ஒரே வருடத்தில் வெளியே வர முடியாது. அவர் மூன்று வருட சந்தாவுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அந்த மூன்று வருடத்தை வெளியேறுவதற்கான அவகாசமாகப் பயன்படுத்துவார். விற்றவருடைய புத்தகத்தில் அது பெரிய வெற்றியாகத் தெரியும். வாங்கியவருடைய அலுவலகத்தில் மைக்ரேஷனுக்கு என்றே ஒரு குழு உட்கார்ந்திருக்கும். இரண்டாவது ரினீவல் வரும்போதுதான் உண்மை வெளியே வரும்.

---

கொள்முதல்மேசை

ஒப்பந்தங்கள் என் மேசை வழியாகத்தான் போகின்றன. எனக்கு அந்த நாள், ஒப்பந்தத்தில் எங்களுக்கு இருந்த உரிமையை எதிர்த்தரப்பு வேறு மாதிரி வாசித்த நாள்.

எங்கள் கதை பெரிதில்லை, ஆனால் சொல்கிறேன். ஒரு வெண்டருடன் ஐந்து வருடத்துக்கு முன் பேசி, "அடுத்த இரண்டு ரினீவலுக்கு விலை உயர்வு இவ்வளவுக்கு மேல் போகாது" என்று எழுதி வாங்கினோம். அந்த ஒரு வரிக்காக ஆறு வாரம் பேச்சுவார்த்தை நடத்தியிருக்கிறேன். வெண்டர் கை மாறியது. புதியவர்கள் அந்த ஷரத்தை மறுக்கவே இல்லை. "நிச்சயமாக, ஆனால் அந்தப் பொருள் இப்போது விற்பனையில் இல்லை. அதே வேலையைச் செய்யும் தொகுப்பு ஒன்று இருக்கிறது, அதற்கு இந்த ஷரத்து பொருந்தாது" என்றார்கள். ஷரத்தில் நான் பொருளின் பெயரை எழுதியிருந்தேன், அது செய்யும் வேலையை எழுதவில்லை. அந்தப் பிழை என்னுடையது. அதற்கப்புறம் அந்தக் கம்பெனியின் எந்த வாக்கையும் நம்ப எனக்கு மனம் வரவில்லை.

பெரிய இடங்களிலும் இதே சண்டைதான். 2024 ஆகஸ்டில் அமெரிக்கத் தொலைத்தொடர்புக் கம்பெனியான ஏடி அண்ட் டி நியூயார்க் நீதிமன்றத்துக்குப் போனது. சுமார் 8,600 சர்வர்களில் 75,000 விர்ச்சுவல் மெஷின்களை விஎம்வேரில் ஓட்டுகிறோம், நிரந்தர உரிமத்துக்கான ஆதரவை நீட்டிக்கும் உரிமை ஒப்பந்தத்திலேயே இருக்கிறது, அதை மதிக்க மறுக்கிறார்கள் என்பது அவர்கள் புகார். விற்பனையே நிறுத்தப்பட்ட பொருளுக்கு ஆதரவை நீட்டிக்கத் தேவையில்லை என்ற பாணியில் பிராட்காம் பதில் சொன்னது. முன்வைக்கப்பட்ட விலை உயர்வு 1,050 சதவீதம் என்று ஏடி அண்ட் டி தரப்பு மின்னஞ்சல் ஒன்று வழக்கு ஆவணங்களில் இருக்கிறது. அந்த நவம்பரிலேயே சமரசம் ஆகிவிட்டது.

அடுத்த வருடம் பிரிட்டன் பல்பொருள் அங்காடிக் கம்பெனியான டெஸ்கோ லண்டனில் வழக்குப் போட்டது, குறைந்தது 10 கோடி பவுண்ட் இழப்பீடு கேட்டு. அங்கேயும் 2021இல் வாங்கிய நிரந்தர உரிமமும் அதற்கான ஆதரவும்தான் பிரச்சினை. நெதர்லாந்தின் பொதுப்பணி, நீர் மேலாண்மை நிறுவனமான ரைக்ஸ்வாட்டர்ஸ்டாட் விஷயத்தில் தி ஹேக் நீதிமன்றம் 2025 ஜூனில் ஒரு தீர்ப்பே கொடுத்தது: அவர்கள் வேறு மென்பொருள் மேடைக்கு மாறி முடிக்கும் வரை, இரண்டு வருடம் வரைக்கும், ஆதரவைத் தொடர வேண்டும் என்று.

ஒரு வாடிக்கையாளர் "நான் வெளியே போக எனக்கு உதவு" என்று நீதிமன்றத்தில் போய்க் கேட்கிறார் என்றால் அந்த உறவு எந்த நிலையில் இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

---

மூலநிரல்

நான் டெவலப்பர். எங்கள் பக்கத்தில் வெளியேறுவது வேறு மாதிரி நடக்கும், சத்தமே இருக்காது.

டேட்டாபேஸ் கம்பெனியான ஆரக்கிள், ஜாவாவையும் மைஎஸ்க்யூஎல்லையும் வைத்திருந்த சன் மைக்ரோசிஸ்டம்ஸை 2010 ஜனவரியில் வாங்கி முடித்தது, விலை 740 கோடி டாலர். அந்த வருடம் செப்டம்பரிலேயே ஓபன் ஆபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் வேலை செய்தவர்களில் பெரும்பகுதியினர் பிரிந்து போய் லிப்ரே ஆபீஸைத் தொடங்கிவிட்டார்கள். 2011 தொடக்கத்தில் ஹட்சன் என்ற பில்டு கருவியை உருவாக்கியவரும் அதைச் சுற்றியிருந்தவர்களும் பெயரைக்கூட விட்டுவிட்டு ஜென்கின்ஸ் என்று கிளம்பினார்கள். ஓபன் சோலாரிஸ் என்ற இயங்குதளம் நின்றுபோன அதே சமயத்தில் இல்லுமாஸ் வந்தது. மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸிலிருந்து மரியா டிபி. இன்று ஜென்கின்ஸைத் தெரியாத டெவலப்பர் யாரும் இல்லை, ஹட்சன் என்றால் புதியவர்களுக்குப் புரியாது. ஆரக்கிள் பின்னர் ஓபன் ஆபீஸை அப்பாச்சிக்கும் ஹட்சனை எக்லிப்ஸுக்கும் கொடுத்துவிட்டது. அதற்குள் ஆட்கள் போய்விட்டார்கள். வெறும் பெயர்தான் மிச்சம் இருந்தது.

ஜாவா கதை மெதுவாக நகர்ந்தது. 2023 ஜனவரியில் ஆரக்கிள் கொண்டுவந்த கட்டண முறையில், ஜாவாவை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பது கணக்கே இல்லை. நிறுவனத்தில் உள்ள மொத்த ஊழியர்களை எண்ண வேண்டும், பகுதிநேர, தற்காலிக ஊழியர்கள் உட்பட. ஒரே ஒரு பழைய பயன்பாட்டுக்காக ஐயாயிரம் பேருக்குக் கட்ட வேண்டும் என்றால் யார் கட்டுவார்கள்? ஜாவாவின் திறந்த மூல வடிவமான ஓபன் ஜேடிகே அடிப்படையிலான டெமுரின், அமேசான் கொரெட்டோ, அசூல் ஜூலு எல்லாம் தயாராக இருந்தன. நான் பார்த்த இரண்டு இடங்களில் மாற்றுவதற்கு ஒரு வார இறுதி போதுமானதாக இருந்தது.

ரெட் ஹேட் லினக்ஸின் இலவச வடிவமான சென்ட் ஓஎஸ்ஸும் நினைவில் இருக்கும். ஐபிஎம் 3,400 கோடி டாலருக்கு ரெட் ஹேட்டை வாங்கி முடித்தது 2019 ஜூலையில். சென்ட் ஓஎஸ் 8க்கு 2029 வரை ஆதரவு என்று நம்பித்தான் பலர் சர்வர்களை மாற்றினார்கள். 2020 டிசம்பரில் அதை 2021 கடைசியோடு முடித்துவிடுவதாக ரெட் ஹேட் அறிவித்தது. ராக்கி லினக்ஸும் அல்மா லினக்ஸும் அந்த ஆத்திரத்தில் பிறந்தவை. இத்தனைக்கும் சென்ட் ஓஎஸ்ஸுக்கு யாரும் ஒரு பைசா கொடுத்ததில்லை. விலையே இல்லாத இடத்திலும் இந்த வெளியேற்றம் நடந்தது, நடுநிசி அண்ணன் கேட்டதற்கு என் பதில் இது. சொன்ன தேதியை மாற்றிவிட்டார்கள், அவ்வளவுதான்.

---

புதுவரவு

வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகிறது, தப்பாகக் கேட்டால் மன்னிக்கவும். இவ்வளவு கோபம் இருந்தால் உடனே மாற வேண்டியதுதானே? விர்ச்சுவல் மெஷின் என்பது ஒரு கோப்புதானே, எடுத்து வேறு இடத்தில் வைத்தால் ஓடாதா?

---

குளிர்_அறை

தம்பி, நல்ல கேள்வி, நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் முதல் மைக்ரேஷன் இரவைச் சொல்கிறேன், புரியும்.

ஒரு ஹைப்பர்வைசரிலிருந்து (விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் மென்பொருள்) லினக்ஸின் கேவிஎம் அடிப்படையிலான இன்னொன்றுக்கு மாறினோம். முதல் தவணையில் நாற்பது மெஷின்கள். டிஸ்க் கோப்புகளை வடிவம் மாற்றுவது நன்றாகவே போனது. இரவு ஒன்றரை மணிக்கு முதல் விண்டோஸ் சர்வரைக் கிளப்பினோம். நீலத் திரை. பூட் டிஸ்க்கே கிடைக்கவில்லை என்கிறது. டிஸ்க் அங்கேதான் இருக்கிறது, ஆனால் புதிய மேடையின் விர்ட்-ஐஓ வகை மெய்நிகர் டிஸ்க்கோடு பேச விண்டோஸுக்கு டிரைவர் இல்லை. பூட் ஆனால்தான் டிரைவர் போடலாம், டிரைவர் இருந்தால்தான் பூட் ஆகும்.

வழி என்னவென்றால், பூட் டிஸ்க்கைத் தற்காலிகமாக, விண்டோஸுக்கு ஏற்கெனவே தெரிந்த சாட்டா டிஸ்க் என்று காட்ட வேண்டும். கூடவே ஒரு ஜிபிக்கு வெறும் விர்ட்-ஐஓ டிஸ்க் ஒன்றைச் சேர்க்க வேண்டும். விண்டோஸ் சாட்டாவில் எழுந்து நிற்கும், இந்தப் புதிய டிஸ்க்கைப் பார்த்து டிரைவரைக் கேட்கும். டிரைவரைப் போட்டு, அணைத்து, வெறும் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, பூட் டிஸ்க்கை விர்ட்-ஐஓவுக்கு மாற்றினால் எழுந்துவிடும். ஒரு மெஷினுக்கு இருபது நிமிடம். எங்களிடம் இருபத்தாறு விண்டோஸ் மெஷின்கள்.

லினக்ஸ் மெஷின்கள் எழுந்தன, ஆனால் நெட்வொர்க் இல்லை. ஈஎன்எஸ்192 என்று இருந்த கார்டின் பெயர் ஈஎன்எஸ்18 ஆகியிருந்தது. நிலையான ஐபி எல்லாம் பழைய பெயரில் எழுதியிருந்ததால் ஒவ்வொன்றிலும் கன்சோல் வழியாகப் போய்த் திருத்தினோம். விடியற்காலை நான்கு மணிக்கு ஒரு கணக்கு மென்பொருள் "உரிமம் செல்லாது" என்றது. அதன் உரிமம் நெட்வொர்க் கார்டின் அடையாள எண்ணான மேக் முகவரியோடு கட்டப்பட்டிருந்தது, நாங்கள் புதிய முகவரி கொடுத்துவிட்டோம்.

இதெல்லாம் ஒரு இரவில் தீரும். தீராதது பழைய பேக்கப்புகள். அவற்றை மீட்டெடுக்கப் பழைய மேடை வேண்டும். ஆடிட்டுக்காகச் சில வருடம் வைத்திருந்தே ஆக வேண்டும் என்பதால் பழைய சர்வர் ஒன்றை ஓரத்தில் உயிரோடு வைத்திருக்கிறோம். அப்புறம் பத்து வருடமாக ஒரு கருவியில் கை பழகிய மனிதர்கள் இருக்கிறார்கள். எங்கள் மூத்தவர் ஒருவர் முதல் மாதம் முழுக்க பழைய கட்டளையைத் தட்டிவிட்டு அழித்துக்கொண்டிருந்தார்.

இப்போது கருவிகள் மேம்பட்டிருக்கின்றன. கேவிஎம் அடிப்படையிலான பிராக்ஸ்மாக்ஸ் 2024 மார்ச்சில், விஎம்வேரின் ஹைப்பர்வைசரான இஎஸ்எக்ஸ்ஐயில் ஓடும் மெஷின்களை நேரடியாக இறக்குமதி செய்யும் வசதியைக் கொண்டுவந்தது. நூடானிக்ஸ், ஹைப்பர்-வி, எக்ஸ்சிபி-என்ஜி, ஓபன் ஷிஃப்ட் என்று தேர்வுகளும் இருக்கின்றன. ஆனாலும் கோபம் வந்த மறுநாள் யாரும் மாறுவதில்லை. மாறுகிறவர் தூக்கத்தை விட்டுத்தான் மாறுகிறார். அப்படி மாறியவரைத் திரும்ப அழைத்து வர எந்தத் தள்ளுபடியும் போதாது.

---

உள்ளிருந்தவன்

நான் மேசையின் உள்பக்கத்தில் இருந்தேன். வாங்கப்பட்ட ஒரு கம்பெனியில் ஆறு வருடம் சப்போர்ட். இரண்டு பெயரையும் சொல்ல மாட்டேன்.

முதல் நாள் கூட்டத்தில் "வாடிக்கையாளருக்கு எதுவும் மாறாது" என்றார்கள். அதைச் சொன்னவரும் நம்பித்தான் சொன்னார் என்று இன்றும் நினைக்கிறேன். ஆறாவது மாதம் எங்களை அளக்கும் விதம் மாறியது. பிரச்சினை தீர்ந்ததா என்பது போய், டிக்கெட் எத்தனை மணி நேரத்தில் மூடப்பட்டது என்பது வந்தது. அப்படி வந்தால் என்ன ஆகும்? "லாக் அனுப்புங்கள்" என்று கேட்டு, இரண்டு நாள் பதில் வராவிட்டால் மூடிவிடுவார்கள். எங்கள் கிளஸ்டர் பகுதியை முழுசாகப் புரிந்துகொண்டவர்கள் மூன்றே பேர். எட்டு மாதத்துக்குள் மூவரும் போய்விட்டார்கள். அவர்களைப் பிடித்துவைக்க யாரும் முயலவில்லை, ஏனென்றால் அவர்கள் மூன்று பேர்தான் என்பது புதிய நிர்வாகத்துக்குத் தெரியாது.

என்னிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. பன்னிரண்டு வாடிக்கையாளர்களைப் பற்றி, போர்ட்டலில் எழுத முடியாத விஷயங்கள். இவர்களுடைய ஸ்டோரேஜ் ஞாயிற்றுக்கிழமை மெதுவாகும். இவர்களிடம் பேட்ச் போடச் சொல்லும் முன் இன்னாரிடம் பேச வேண்டும். நான் கிளம்பிய நாளில் அதை ஒப்படைக்க ஆள் தேடினேன். என் மேலாளரே மூன்று வாரத்துக்கு முன் வந்தவர், எந்தப் பிரிவிடம் கொடுப்பது என்று அவருக்கும் தெரியவில்லை. அந்தப் புத்தகம் இப்போதும் என் வீட்டில் இருக்கிறது. அந்தப் பன்னிரண்டு பேரில் எத்தனை பேர் இன்னும் அங்கே வாடிக்கையாளராக இருப்பார்கள் என்று அடிக்கடி நினைப்பேன்.

நடுநிசி_நிர்வாகி எழுதிய "டிக்கெட்டுகள் எதுவும் இல்லை" வரியைப் படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. உள்ளே இருந்த எங்களுக்கும் அது வலித்தது.

பொதுவெளியில் பதிவான உதாரணம் மைக்ரோ ஃபோகஸ் என்ற பிரிட்டன் மென்பொருள் கம்பெனி. 2017இல் எச்பிஇயின் (ஹியூலெட் பேக்கர்ட் எண்டர்பிரைஸ்) மென்பொருள் பிரிவை சுமார் 880 கோடி டாலர் மதிப்பில் இணைத்துக்கொண்டார்கள். 2018 மார்ச்சில் உரிம வருமானம் எதிர்பார்த்ததைவிடக் குறையும் என்று அறிவித்த அன்று பங்கு ஒரே நாளில் பாதிக்கு அருகில் சரிந்தது, தலைமைச் செயல் அதிகாரி விலகினார். அவர்களே சொன்ன காரணங்களில் புதிய உள் கணினி அமைப்புக்கு மாறியதில் வந்த சிக்கல், விற்பனை ஆட்கள் வெளியேறியது இரண்டும் உண்டு.

---

பழைய_டேப்

நான் இங்கே பலரைவிட வயதில் மூத்தவன். இன்னும் பின்னால் போகிறேன். கையகப்படுத்தல் முடிய வேண்டும் என்றே அவசியம் இல்லை, பேச்சு எழுந்தாலே போதும்.

2003 ஜூனில் ஆரக்கிள், ஊழியர், நிதி நிர்வாக மென்பொருள் கம்பெனியான பீப்பிள்சாஃப்ட் மேல் கண் வைத்தது. நிர்வாகம் வேண்டாம் என்று எதிர்த்தது. போட்டி ஒன்றரை வருடம் நீண்டு, கடைசியில் 1,030 கோடி டாலருக்கு முடிந்தது. அந்த ஒன்றரை வருடமும் பீப்பிள்சாஃப்ட்டிடம் புதிதாக வாங்க வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்வி: நாளைக்கு இது இருக்குமா? அதைச் சமாளிக்க அந்தக் கம்பெனி ஒப்பந்தத்திலேயே ஒரு உறுதிமொழி சேர்த்தது. எங்களை வேறு யாராவது வாங்கி ஆதரவைக் குறைத்தால், நீங்கள் கட்டிய உரிமத் தொகையைப்போல் இரண்டிலிருந்து ஐந்து மடங்கு வரை திருப்பித் தருவோம் என்று. வாங்க வருகிறவருக்கு அது ஒரு முள்வேலி. ஆனால் கொள்முதல் அதிகாரிக்கு அதுதான் கையெழுத்துப் போடும் தைரியத்தைக் கொடுத்தது.

அந்தப் பயத்தை வைத்தே ஒரு தொழில் வளர்ந்தது. டுமாரோநவ் என்ற மூன்றாம் தரப்பு ஆதரவுக் கம்பெனியை ஆரக்கிளின் போட்டியாளரான எஸ்ஏபி 2005 ஜனவரியில் வாங்கி, "ஆரக்கிளிடம் போக வேண்டாம், ஆதரவை நாங்கள் தருகிறோம்" என்று பீப்பிள்சாஃப்ட் வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டது. அந்தக் கம்பெனி ஆரக்கிளின் மென்பொருளை அனுமதியில்லாமல் இறக்கியதாக 2007இல் வழக்கு, 2010இல் ஜூரி 130 கோடி டாலர் தீர்ப்பு. பிறகு அது குறைந்து 2014இல் சமரசம் ஆனது. ரிமினி ஸ்ட்ரீட் என்ற இன்னொரு மூன்றாம் தரப்பு ஆதரவுக் கம்பெனியும் 2005இல் பிறந்ததுதான்.

ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். அன்று பயந்த அளவுக்கு நடக்கவில்லை. அந்த மென்பொருள்களைத் தொடர்ந்து வளர்ப்போம் என்று 2006இல் ஆரக்கிள் பகிரங்கமாக வாக்குக் கொடுத்தது, பீப்பிள்சாஃப்ட் இன்றும் ஆதரவில் இருக்கிறது. பயந்து அவசரமாக ஓடிய சிலர் புதிய மென்பொருளை நிறுவவே கூடுதலாகச் செலவழித்தார்கள். நானும் அப்படி ஒரு இடத்தில் வேலை பார்த்தேன். ஓடியது தப்பு என்று நாங்கள் உணர நான்கு வருடம் ஆனது.

---

கணக்குப்பிள்ளை

பெரியவர் சொன்னது சரி. கை மாறினாலே கெட்டுவிடும் என்று முடிவுகட்டக் கூடாது. விஎம்வேரையே பாருங்கள். 2004இல் இஎம்சி அதை 63.5 கோடி டாலருக்கு வாங்கியது. 2016இல் இஎம்சியை டெல் வாங்கியபோது விஎம்வேரும் கூடப் போனது. 2021இல் தனியாகப் பிரிந்தது. இத்தனை முறை உரிமையாளர் மாறியும் வாடிக்கையாளர் அசையவில்லை, ஏனென்றால் அவர்களுடைய உரிமத்தையும் தொடர்பு எண்ணையும் யாரும் தொடவில்லை. 2018இல் மைக்ரோசாஃப்ட், நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பை 750 கோடி டாலருக்கு வாங்கியபோதும் சிலர் போட்டித் தளமான கிட்லேபுக்கு மாறினார்கள், பெரும்பாலோர் அங்கேயே இருந்தார்கள்.

இங்கே எழுதியவர்களைப் படித்தபிறகு என் முதல் பதிவில் ஒன்றை மாற்றிக்கொள்கிறேன். வெளியேறும் சிரமத்துக்குத்தான் விலை போடுகிறார்கள் என்றேன். அந்தச் சிரமம் எவ்வளவு நாள் நீடிக்கும் என்று கணிப்பதில் அவர்கள் தவறலாம். குளிர்_அறை எழுதிய அந்த இரவை ஒருமுறை கடந்தவருக்கு இரண்டாவது மென்பொருளை மாற்றுவது பாதிச் சிரமம்தான். எங்கள் எக்செல் தாளில் அதற்கென்று ஒரு கட்டம் நான் பார்த்ததில்லை.

---

மூலநிரல்

இன்னொன்றும் அந்தத் தாளில் இருக்காது அண்ணா. இஎஸ்எக்ஸ்ஐயின் இலவசப் பதிப்பை 2024 தொடக்கத்தில் நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திரும்பக் கொண்டுவந்தார்கள். நடுவில் போனது ஒரு வருடத்துக்கு மேல். வீட்டில் பழைய கணினியில் அதைப் போட்டுப் பழகிய பையன்கள் அந்த ஒரு வருடத்தில் பிராக்ஸ்மாக்ஸில் பழகிவிட்டார்கள். நாளைக்கு அலுவலகத்தில் "எதை வாங்கலாம்" என்று கேட்டால் கை பழகியதைத்தான் சொல்வார்கள்.

---

புதுவரவு

உண்மை. நான் கற்றுக்கொண்டதே பிராக்ஸ்மாக்ஸில்தான். மற்றதை இதுவரை தொட்டதில்லை. குளிர்_அறை அண்ணாவுக்கு நன்றி, அந்த சாட்டா வழியைக் குறித்துவைத்துக்கொண்டேன்.

---

கொள்முதல்மேசை

தனிமடலில் மூன்று பேர் ஷரத்துகளைப் பற்றிக் கேட்டதால் இங்கேயே எழுதிவிடுகிறேன். நான் இப்போது விடாமல் கேட்பவை இவை.

முதலாவது, விலை வரம்பைப் பொருளின் பெயரோடு கட்டாதீர்கள். "இந்தப் பொருள், அல்லது பெயர் மாறினாலும் தொகுப்பாகச் சேர்த்தாலும் இதே வேலையைச் செய்யும் எந்தப் பொருளும்" என்று எழுதுங்கள். நான் விட்ட இடம் அதுதான். எண்ணும் அலகையும் பூட்டிவிடுங்கள். ப்ராசஸர் கணக்கு கோர் (ப்ராசஸருக்குள் இருக்கும் தனித்தனிக் கணிப்பு அலகு) கணக்காகி, ஒரு ப்ராசஸருக்குக் குறைந்தது 16 கோர் என்று வந்தால், எட்டு கோர் வைத்திருக்கிறவர் இல்லாத எட்டுக்கும் பணம் கட்டுவார். உரிமையாளர் மாறினால் ஒப்பந்தம் அப்படியே புதியவரையும் கட்டுப்படுத்தும் என்றும், நமக்கு அபராதம் இல்லாமல் விலகும் உரிமை உண்டு என்றும் இருக்க வேண்டும். விலகும்போது எத்தனை மாதம் பழைய விலையிலேயே ஆதரவு என்பது மிக முக்கியம். பன்னிரண்டு மாதத்துக்குக் குறைந்தால் நான் ஒத்துக்கொள்வதில்லை. நீதிமன்றம் போய் வாங்குவதைவிட முன்பே எழுதி வாங்குவது மலிவு.

சின்ன நிறுவனங்களுக்கு இதெல்லாம் கிடைக்காது என்பதும் எனக்குத் தெரியும். அவர்கள் விலகும் கால ஆதரவு ஒன்றையாவது கேட்டுப் பாருங்கள், பல வெண்டர்கள் அதற்குத் தலையாட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

---

நடுநிசி_நிர்வாகி

எல்லோருக்கும் நன்றி. உள்ளிருந்தவன் எழுதியதை எங்கள் குழுவில் சத்தமாகவே படித்துக் காட்டினேன். அந்த நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் நண்பரே.

படித்து முடித்ததும் என் சக ஊழியர் ஒரு கேள்வி கேட்டார்: மற்ற வெண்டர்களிடம் இருக்கும் நம் டிக்கெட்டுகளுக்கு நகல் இருக்கிறதா? இல்லை. எங்களுக்கு இன்னும் ஆறு வெண்டர்கள் இருக்கிறார்கள். நான்கு போர்ட்டல்களில் ஏற்றுமதி வசதி உண்டு, இரண்டில் பக்கம் பக்கமாக எடுக்க வேண்டும். சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று எழுதி நேற்று இரவு ஓடவிட்டோம். காலையில் வந்து பார்த்தபோது 412 டிக்கெட்டுகள் இறங்கியிருந்தன, 2016இல் நானே எழுதிய முதல் டிக்கெட் உட்பட. இன்று இரவு மிச்சத்தை ஓடவிடுகிறோம். ஸ்கிரிப்ட் வேண்டுபவர்கள் இங்கேயே கேளுங்கள், கடவுச்சொற்களை எடுத்துவிட்டுப் போடுகிறேன்.